முதல் நாளே வாங்கும் தூரம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி வருகிறது. தமிழ்நாட்டின் வடகிழக்கு ஓரம் அது. அடுத்து எளாவூர், ஆரம்பாக்கம், அதற்கப்பால் ஆந்திரம். இங்குள்ள சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் பிரிக்கும் ஆலைகளும் இயங்குகின்றன. சற்றுத் தள்ளித் தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். மிஷலின் டயர் ஆலை அங்கேதான் இருக்கிறது. பொன்னேரி, மீஞ்சூர், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, எல்லைக்கு அப்பால் தடா, சூளூர்பேட்டை என்று பல திசைகளிலிருந்தும் ஆட்கள் இங்கே வேலைக்கு வருகிறார்கள். சிலர் மின்சார ரயிலில், சிலர் கம்பெனி பஸ்ஸில். ஷிப்ட் நேரம் இரண்டுக்கும் ஒத்துவராதவர்கள் சொந்த வண்டியில் வருகிறார்கள். அந்த வண்டி பெரும்பாலும் பெட்ரோல் வண்டி.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில் சிட்ரோயன் நிறுவனத்தின் மின்சாரக் கார் தயாராகிறது. மின்சார ஸ்கூட்டர்களோ ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ராணிப்பேட்டையிலும் செய்யப்பட்டு நாடெங்கும் போகின்றன. இந்தியாவில் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் பிறந்தவை. ஆனாலும் 2024-25 நிதியாண்டில் நாடு முழுவதும் விற்ற இருசக்கர வண்டிகளில் நூற்றுக்கு ஆறுதான் மின் வண்டி. பெட்ரோலில் ஒரு கிலோமீட்டர் போக ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குதான் மின்சாரத்துக்கு ஆகிறது. மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்பவர்தான் முதலில் இதற்கு மாறியிருக்க வேண்டும். அவர் மாறவில்லை. கேட்டால், விலை அதிகம் என்பார்.

அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், அதில் வண்டி ஐந்தில் மூன்று பங்குதான் என்பது தெரியும். மீதி, இனிமேல் ஓடப்போகும் தூரத்துக்கு இன்றே கட்டும் பணம்.

கால் லிட்டர் பெட்ரோலும் பதினைந்து கிலோ பேட்டரியும்

மின்சார வாரியம் ஒரு யூனிட் என்று கணக்கிடுவது ஒரு கிலோவாட்-மணி ஆற்றலை. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட். இன்று சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மின் ஸ்கூட்டர்களில் 2.2 யூனிட் பேட்டரி இருக்கிறது. கணக்குப் போட்டால் அது கால் லிட்டர் பெட்ரோலின் ஆற்றல். கால் லிட்டர் பெட்ரோலின் எடை 200 கிராமுக்கும் குறைவு. அதே ஆற்றலைத் தாங்கும் பேட்டரியோ 15 கிலோ அளவுக்கு வந்துவிடும்.

கால் லிட்டருக்கு நிகரான ஆற்றலை வைத்துக்கொண்டு 65 கிலோமீட்டர் போக முடிகிறதே, எப்படி? பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் வெப்பத்தை உண்டாக்கும் இயந்திரம் என்பதுதான் காரணம். மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் போகும் ஸ்கூட்டரை எதிர்ப்பவை இரண்டு: டயருக்கும் சாலைக்கும் இடையிலான உருளல் தடை, முன்னாலிருந்து தள்ளும் காற்று. ஓட்டுபவரையும் சேர்த்து 200 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால் முதலாவது சுமார் 30 நியூட்டன், இரண்டாவது 55 நியூட்டன். இந்த 85 நியூட்டன் தடையை வென்று ஒரு கிலோமீட்டர் போவதற்குச் சக்கரத்தில் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 24 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு.

லிட்டருக்கு 55 கி.மீ. மைலேஜ் தரும் பைக், ஒரு கிலோமீட்டருக்கு 164 வாட்-மணி பெட்ரோலை எரிக்கிறது. சக்கரத்துக்கு வந்து சேர்வது 24. மீதி சைலன்சர் வழியாகவும் எஞ்சின் உடலில் உள்ள தகடுகள் வழியாகவும் சூடாக வெளியேறிவிடுகிறது. மின் மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் இழப்பது மிகக் குறைவு. நின்று நின்று போவதையும் சேர்த்தே மின் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 30 வாட்-மணியில் ஓடிவிடுகிறது. சார்ஜரில் வீணாவதையும் கூட்டினால் வீட்டு மீட்டரில் ஏறுவது 34. யூனிட் 5 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 17 காசு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 84 காசு.

வேகம் கூடினால் இந்தக் கணக்கு மாறும். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக உயர்வதால், 45-இலிருந்து 60 கி.மீ. வேகத்துக்குப் போனால் 55 நியூட்டன் 100 ஆகிவிடும். நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரிகளுக்குப் பயந்து விரட்டி ஓட்டுபவருக்கு, விளம்பரத்தில் சொன்ன தூரம் கிடைக்காமல் போவது இதனால்தான். வண்டி அவரை ஏமாற்றவில்லை. விளம்பரத்துக்கான சோதனை வேறு வேகத்தில் நடந்தது.

விலையைப் பிரித்துக் காட்டிய ஒரு திட்டம்

பேட்டரியின் விலை என்ன என்பதை நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. ஆனால் 2025 ஜூலையில் ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனம் தன் வீடா விஎக்ஸ்2 கோ வண்டியை இரண்டு விலையில் அறிவித்தபோது அது தானாகவே வெளியே வந்தது. பேட்டரியோடு வாங்கினால் 99,490 ரூபாய். வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 96 காசு என்ற கணக்கில் வாடகை கட்டினால் 59,490 ரூபாய். வித்தியாசம் 40,000. பேட்டரி 2.2 யூனிட். ஆக, வாங்குபவர் தலையில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு விழுவது 18,000 ரூபாய்.

பேட்டரி இல்லாத வண்டியின் விலையைப் பாருங்கள். சாதாரண பெட்ரோல் பைக்கின் விலையை அது தாண்டவில்லை. தாண்டவும் காரணமில்லை. கியர்பாக்ஸ், பிஸ்டன், கார்புரேட்டர், சைலன்சர் எதுவும் அதில் கிடையாது. மோட்டாரில் சுழலும் பாகங்கள் மிகக் குறைவு. விலை ஏறுவதெல்லாம் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியால்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை லித்தியம்-அயனி செல்கள். சோனி நிறுவனம் 1991-இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த நுட்பம் அது. அதற்கு அடித்தளமிட்ட குட்டெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மெல்லிய செப்புத் தகட்டின் மேல் கிராஃபைட் பூச்சு, அலுமினியத் தகட்டின் மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு அல்லது இரும்பு பாஸ்பேட் பூச்சு, இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் தாள், இவற்றை நனைக்கும் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய் உட்காருகின்றன. வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. கேட்க எளிது. ஆனால் ஈரப்பதம் ஏறக்குறைய இல்லாத அறையில், மைக்ரான் கணக்கில் சீராகப் பூச வேண்டிய வேலை இது. நிக்கல், கோபால்ட், லித்தியம் போன்ற மூலப்பொருள்களின் விலையும் சேர்கிறது. இந்தியாவில் பேட்டரிப் பெட்டியைப் பூட்டுகிறோம். உள்ளே வைக்கும் செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருபவை. மோட்டாருக்குள் இருக்கும் அரிய மண் காந்தங்களுக்கும் அந்த நாட்டையே நம்பியிருக்கிறோம். 2025 ஏப்ரலில் சீனா அந்தக் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் இந்திய ஆலைகள் தடுமாறின.

விலை குறைந்துகொண்டுதான் வருகிறது. ஒரு பொருளின் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அதன் செலவு குறிப்பிட்ட விகிதத்தில் இறங்கும் என்பதை தியோடர் ரைட் என்ற பொறியாளர் 1936-இல் விமானத் தொழிலை ஆராய்ந்து காட்டினார். லித்தியம் பேட்டரிக்கு அந்த விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த உலகச் சராசரி விலை, புளூம்பெர்க் என்இஎஃப் கணக்குப்படி 2024-இல் 115 டாலர்.

115 டாலர் என்றால் சுமார் 10,000 ரூபாய். பிறகு ஏன் நம்மிடம் 18,000? உலகச் சராசரியை நிர்ணயிப்பவை காருக்கும் பஸ்ஸுக்கும் போகும் பெரிய பேட்டரிகள். 60 யூனிட் பேட்டரிக்கும் 2 யூனிட் பேட்டரிக்கும் வெளிக்கூடு வேண்டும். செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை வேண்டும். உருகி, இணைப்பிகள், நீர்புகாத அடைப்பு எல்லாம் வேண்டும். 60 யூனிட்டில் பகிர்ந்துகொள்ள வேண்டிய செலவை இரண்டே யூனிட் தாங்குகிறது. அதற்கு மேல் வரி, உத்தரவாதத்துக்கான ஒதுக்கீடு, விற்பவர் பங்கு. சிறிய வண்டி வாங்குபவர்தான் யூனிட் ஒன்றுக்கு அதிக விலை கொடுக்கிறார்.

பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் வண்டி தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. பிறகு மத்திய அரசு ஏஐஎஸ்-156 என்ற தரவிதியைக் கடுமையாக்கியது. ஒரு செல் சூடேறி எரிந்தால் அது பக்கத்து செல்லுக்குப் பரவாமல் தடுக்கும் அமைப்பு, கூடுதல் வெப்ப உணரிகள், கடுமையான சோதனைகள் எல்லாம் கட்டாயமாயின. விலை ஏறியது. இந்த ஏற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பொன்னேரிக்காரர் கணக்கு

கும்மிடிப்பூண்டிப் பாதையில் ரயிலில் போகிறவர்களுக்குச் சீசன் டிக்கெட்டின் பொருளாதாரம் நன்றாகத் தெரியும். மொத்தப் பணத்தையும் முதலில் கட்டிவிட வேண்டும். தினமும் போகிறவருக்கு லாபம், வாரம் ஒருமுறை போகிறவருக்கு நஷ்டம். மின் வண்டியின் பேட்டரியும் இப்படித்தான். பெட்ரோல், அன்றன்றைக்கு எடுக்கும் டிக்கெட்.

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 15 கி.மீ. போக வர 30. மாதம் 26 நாள் வேலை என்றால் 780 கி.மீ. பெட்ரோல் செலவு 1,430 ரூபாய். மின்சாரம் 27 யூனிட், அதாவது 135 ரூபாய்க்கு உள்ளே. மாத மிச்சம் 1,300. மின் வண்டிக்காகக் கூடுதலாகக் கொடுத்தது 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 23 மாதத்தில் திரும்பிவிடும்.

இப்போது சிப்காட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, நாளுக்குப் போக வர 10 கி.மீ. மட்டும் ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 260 கி.மீ. மிச்சம் 430 ரூபாய்தான். அதே 30,000 திரும்பிவர ஐந்தே முக்கால் ஆண்டு ஆகும்.

இதோடு முடியவில்லை. பேட்டரிக்கு வயது இரண்டு விதமாக ஏறுகிறது. ஒன்று, பயன்பாட்டால். முழுக்க ஏற்றி முழுக்க இறக்குவது ஒரு சுற்று என்றால், 800 சுற்றுகள் தாங்கும் பேட்டரி சுற்றுக்கு 65 கி.மீ. வீதம் 52,000 கி.மீ. ஓடும். இரண்டு, சும்மா இருந்தாலும் கழியும் காலத்தால். கிராஃபைட்டின் மேற்பரப்பில் திரவம் மெல்ல மெல்ல வினைபுரிந்து ஒரு படலம் படிகிறது. அது தடிக்கத் தடிக்க லித்தியத்தின் ஒரு பகுதி அதில் சிறைப்பட்டுப் போகிறது. அந்த லித்தியம் திரும்பி வருவதில்லை. வேதிவினைகள் வெப்பத்தில் விரையும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு என்பது வேதியியலார் கையாளும் தோராயக் கணக்கு. இந்த மாவட்டத்தின் திருத்தணி, கோடையில் மாநிலத்திலேயே அதிக வெயில் பதிவாகும் ஊர்களில் ஒன்று. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே வழக்கம். ஷிப்ட் முடியும்வரை எட்டு மணி நேரம் கூரையில்லாத இடத்தில் நிற்கும் வண்டிக்குள் சூடு அதற்கும் மேலே போகும்.

பொன்னேரிக்காரரின் பேட்டரி ஐந்தரை ஆண்டில் 52,000 கி.மீ. ஓடி முடிக்கும். 40,000 ரூபாய் பேட்டரியை 52,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 77 காசு. மின்சாரத்தின் 17 காசைச் சேர்த்தால் 94 காசு. பெட்ரோலில் பாதி. பக்கத்திலேயே குடியிருப்பவர் 52,000 கி.மீ. ஓட்டி முடிக்கப் பதினாறு ஆண்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு நாள் பேட்டரி காத்திருக்காது. எட்டு ஆண்டில் அது தளர்ந்துவிடும் என்று கொண்டால், அவர் ஓட்டியிருப்பது 25,000 கி.மீ. அவருக்குக் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 60 காசு பேட்டரியிலேயே போய்விட்டது. மின்சாரத்தோடு 1 ரூபாய் 77 காசு. பெட்ரோலை விட ஏழு காசுதான் மிச்சம்.

ஆக, மின் வண்டி விலை அதிகமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. தூரத்திலிருந்து வருபவருக்கு அது மலிவு. அருகிலிருப்பவருக்கு ஏறக்குறைய சமம். சிக்கல் என்னவென்றால், தொழிற்பேட்டைக்குத் தூரத்திலிருந்து வருபவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மலிவு யாருக்கோ அவர் கையில் முன்பணம் இல்லை.

மானியம் எதை வளர்த்தது

மின் வண்டிகளுக்கு மானியம் தந்த மத்திய அரசின் ஃபேம் திட்டம் 2015-இல் தொடங்கியது. 2019 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கீடு 10,000 கோடி ரூபாய். இருசக்கர வண்டிக்கு யூனிட்டுக்கு 10,000 ரூபாய் என்று தொடங்கி, 2021 ஜூனில் 15,000 ஆக உயர்த்தினார்கள். வண்டி விலையில் 40 விழுக்காடு வரை கிடைத்தது. 2023 ஜூனில் அது மீண்டும் 10,000 ஆனது, உச்சவரம்பு 15 விழுக்காடாகச் சுருங்கியது. ஒரே நாளில் வண்டி விலைகள் எகிறின. 2024-இல் யூனிட்டுக்கு 5,000. அதன்பின் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் 2,500, அதிகபட்சம் வண்டிக்கு 5,000 ரூபாய். இருசக்கர வண்டிகளுக்கு இதுவும் 2026 மார்ச்சுடன் முடியும் என்று 2025-இல் அறிவித்தார்கள்.

யூனிட் கணக்கில் மானியம் கொடுத்தால் என்ன ஆகும்? பெரிய பேட்டரிக்குப் பெரிய மானியம். மானியம் உச்சத்தில் இருந்த நாட்களில் நிறுவனங்கள் 3, 4 யூனிட் பேட்டரியும், தொடுதிரையும், பாய்ச்சல் வேகமும் கொண்ட வண்டிகளில் போட்டியிட்டன. அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் நகரத்தில் ஏற்கெனவே ஒரு வண்டி வைத்திருந்தவர்கள். தினம் 30 கி.மீ. ஓட்டும் தொழிலாளிக்கு 2 யூனிட் தாராளம். அந்த அளவிலான வண்டிகள் பெரிய நிறுவனங்களிடமிருந்து வரிசையாக வந்தது மானியம் சுருங்கிய 2024-இல்தான். ஓலா தன் 2 யூனிட் எஸ்1 எக்ஸ் வண்டியை அந்த ஏப்ரலில் 69,999 ரூபாய்க்கு இறக்கியது. மே மாதம் டிவிஎஸ் 2.2 யூனிட் ஐக்யூபைக் கொண்டுவந்தது.

அதற்குள் எதிர்ப்பக்கமும் மாறிவிட்டது. 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக 2025 செப்டம்பர் 22 அன்று குறைந்தது. வரிக்கு முன் 60,000 ரூபாய் விலையுள்ள பைக்கில் 6,000 ரூபாய் இறங்கிவிட்டது. மின் வண்டிக்கு 2019-இலிருந்து 5 விழுக்காடு. அதில் குறைக்க அதிகம் இல்லை. பெட்ரோல் வண்டி மலிவாகும் நேரத்தில் மின் வண்டியின் மானியம் கரைகிறது.

மானியத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறது: வட்டி. பழைய பெட்ரோல் பைக்குக்குச் சந்தையில் விலை உண்டு என்று கடன் கொடுப்பவருக்குத் தெரியும். ஐந்து வருடம் ஓடிய மின் வண்டியின் பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று அவருக்குத் தெரியாது. அந்த அச்சத்தை வட்டியில் ஏற்றிவிடுகிறார். 90,000 ரூபாய்க் கடனை மூன்று ஆண்டில் அடைப்பதாகக் கொள்வோம். 10 விழுக்காடு வட்டியில் மாத டியூ 2,904 ரூபாய். 14 விழுக்காட்டில் 3,076. மூன்று ஆண்டில் வித்தியாசம் 6,200 ரூபாய். அரசு ஒரு கையால் கொடுத்த 5,000 மானியத்தை நான்கு விழுக்காடு வட்டி முழுதாக விழுங்கி, மேலும் ஆயிரம் கேட்கிறது.

ஈயம் சொல்லும் பாடம்

லித்தியம் விலைக்குப் பயந்தவர்கள் முன்பு ஈய-அமில பேட்டரி வண்டிகளை வாங்கினார்கள். 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.க்கு மிகாத வேகமும் இருந்தால் பதிவெண், ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்பதும் அவற்றுக்கு வசதி. ஆனால் ஈய பேட்டரி ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 40 வாட்-மணிதான் தாங்கும். அடிக்கடி ஆழமாக இறக்கினால் ஓரிரு ஆண்டில் படுத்துவிடும். வாங்கும்போது மலிவு, வைத்திருக்கும்போது செலவு.

ஈயத்துக்கு ஒரே ஒரு பலம்: செத்த பிறகும் விலை உண்டு. பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை எளிதில் உருக்கி எடுக்கலாம். கும்மிடிப்பூண்டியில் ஈய ஆலைகள் இருப்பதும் அதனால்தான். ஈயப் புகையின் நச்சைச் சுற்றுவட்டாரம் சுமப்பதும் அதனால்தான். லித்தியம் பேட்டரிக்கு அப்படி நிலைத்த பழைய விலை இன்னும் உருவாகவில்லை. பயன்பட்ட பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் ஒப்படைக்கும் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்தன. பழைய பேட்டரியைச் சோதித்து, மீதமுள்ள கொள்ளளவுக்குச் சான்று தரும் முறை நாடெங்கும் வந்தால், கடன் கொடுப்பவரின் அச்சம் குறையும். வட்டி இறங்கும். பேட்டரி நுட்பத்தில் எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் இல்லாமலே வண்டியின் உண்மை விலை குறையும்.

மின்சாரம் யாருடையது

வடசென்னை அனல் மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் அனல் மின் நிலையமும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அத்திப்பட்டை ஒட்டி நிற்கின்றன. மின் வண்டிக்கான மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் பயனில்லை என்று சிலர் வாதிடுவார்கள். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. கம்பியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மின் ஸ்கூட்டரின் கணக்கில் கிலோமீட்டருக்கு 28 கிராம். பெட்ரோல் பைக்குக்கு 42. நிலக்கரியிலும் மின் வண்டியே முந்துகிறது. ஆனால் சாம்பல் விழுவது எண்ணூர்க் கழிமுகத்தில் என்பதையும் மறக்கக் கூடாது.

தொழிலாளிக்கு இதைவிட நெருக்கமான கேள்வி, எங்கே சார்ஜ் போடுவது என்பது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்தச் சலுகை பல நேரம் எட்டுவதில்லை. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குவார். பத்து ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 34 காசு. அப்போதும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். பணத்தைவிட அனுமதிதான் கடினம். மாடியில் குடியிருந்தால் ஒயரை எங்கே இழுப்பது? பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்ற முடியாது. கழற்ற முடிந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும்.

ஆலைகளின் வண்டி நிறுத்துமிடம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. வண்டி அங்கே எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. 2 யூனிட் ஏற்றச் சாதாரண பிளக்கில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். விரைவு சார்ஜர் வேண்டாம். நிழல் தரும் கூரை ஒன்று, தரமான ஒயரிங்கும் முறையான எர்த்தும் கொண்ட பிளக் வரிசை ஒன்று, தீயணைப்புக் கருவி இரண்டு இருந்தால் போதும். கூரை பேட்டரியின் ஆயுளைக் காக்கும். கூரைமேல் சூரியத் தகடு பதித்தால் பகல் ஷிப்டின் மின்சாரம் அங்கேயே கிடைக்கும். வேலையிடத்திலேயே சார்ஜ் ஏறும் என்று உறுதியானால் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவருக்கும் சிறிய பேட்டரி போதும். 4 யூனிட் வாங்க வேண்டிய இடத்தில் 2 யூனிட் வாங்கினால், மேலே பார்த்த கணக்குப்படி அவருக்கு மிச்சமாவது 36,000 ரூபாய். எந்த மானியமும் இன்று இவ்வளவு தருவதில்லை.

வண்டி வாங்க நினைக்கும் வாசகருக்கு இந்த அத்தியாயம் சொல்வது இவ்வளவுதான். கடைக்குப் போவதற்கு முன் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று ஓடோமீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 300-க்குக் கீழே என்றால் அவசரப்பட வேண்டாம். இருக்கும் வண்டியே போதும். 600-க்கு மேல் என்றால் மின் வண்டி உங்களுக்கு மலிவு. ஆனால் தினசரித் தூரத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகும் பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள், வட்டி விகிதத்தை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் வாடகைப் பேட்டரித் திட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரசுக்கும் ஆலை நிர்வாகங்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று: பேட்டரியின் அளவுக்குப் பணம் கொடுத்தது போதும். அடுத்த ரூபாய் வட்டியைக் குறைக்கவும், ஆலை வாசலில் பிளக் வைக்கவும் போகட்டும்.